அடிப்பலகையில் ஒரு பெயர்

மரவேலை செய்பவர் தாம் செய்த பொருளில் தம் பெயரைப் பொறிப்பது இன்று எளிதாகிவிட்டது. பெயரையோ சின்னத்தையோ வரைந்து கொடுத்தால் பித்தளையில் அச்சு வெட்டித் தருகிறார்கள். அதை மின்சாரச் சூட்டுக்கோலில் மாட்டி முக்காலியின் அடியில் சில நொடி அழுத்தினால் பழுப்பு நிறத்தில் முத்திரை விழுந்துவிடும். லேசர் இயந்திரம் கைவசம் இருந்தால் அந்தச் சிரமமும் இல்லை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விற்பனையின் கணக்கையே சொல்கிறார்கள்: பெயர் பரவும், விலை கூடும், வாங்கியவர் மறுபடி தேடி வருவார். இவை பொய்யில்லை. ஆனால் மரத்தில் விழுந்த முத்திரைகளின் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்தால், முத்திரை விளம்பரமாகப் பிறக்கவில்லை, பிணையாகப் பிறந்தது என்பது தெரியவரும். 'இதில் குறை இருந்தால் கேட்கவேண்டிய ஆள் இவர்' என்று சொல்வதற்கே முதலில் மரத்தில் சூடு போட்டார்கள். அந்தப் பழைய பொருளில்தான் முத்திரைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது என்றும், பெயரை மட்டும் அழகாகப் பதித்துவிட்டு ஊரையும் ஆண்டையும் மரத்தையும் சொல்லாமல் விடும் முத்திரை பாதி முத்திரையே என்றும் இங்கே வாதிட விரும்புகிறேன்.

முதல் சான்று பீப்பாயிலிருந்து வருகிறது. லண்டன் நகரில் 1420-இல் பீப்பாய் செய்யும் தச்சர்களுக்கு ஒரு விதி பிறந்தது. ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இரும்பு முத்திரை வைத்திருக்க வேண்டும். செய்த பீப்பாயில் அதைப் பதிக்க வேண்டும். அந்த முத்திரை நகர மன்றமான கில்டுஹாலில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பீப்பாய் ஒரு கலன் மட்டுமாக இருக்கவில்லை, அளவையாகவும் இருந்தது. அதன் கொள்ளளவு குறைந்தால் பீர் வாங்குகிறவர் ஏமாறுவார். முத்திரை இருந்தால் அளவு குறைந்த பீப்பாயைச் செய்தவரின் பட்டறை வரை போய்க் கேட்கலாம். ஆண்ட்வெர்ப் நகரத்து நடைமுறை இன்னும் நுட்பமானது. அங்கே செய்த மரச் செதுக்குப் பலிபீடங்களில், மரம் தரமானது என்பதற்கு ஒரு கை வடிவமும், வண்ணம் பூசியது சரி என்பதற்குக் கோட்டை வடிவமும் பதிந்திருக்கும். பிரஸ்ஸல்ஸில் செதுக்குவேலைக்குச் சுத்தியல் குறி, இணைப்பு வேலைக்குக் கவராயக் குறி என்று வேலைவாரியாகப் பிரித்தே வைத்திருந்தார்கள். ஓவியர்களுக்கு ஓக் பலகை செய்து தந்த ஆண்ட்வெர்ப் தச்சர்கள் தம் சொந்த முத்திரையைப் பலகையில் இட வேண்டும் என்று 1617-இல் விதித்தார்கள். வண்ணம் பூசுவதற்கு முன் சங்கத்தார் பலகையைப் பார்வையிட்டு, வைரம் பாயாத வெளிறு அதில் இருந்தால் ஒதுக்கினார்கள். தேறியதில் நகரச் சின்னத்தைச் சூடு போட்டார்கள். ரூபன்ஸ் தீட்டிய பலகைகள் சிலவற்றின் பின்புறத்தில் மிக்கேல் விரியெண்ட் என்ற தச்சரின் முத்திரை இன்றும் இருக்கிறது. முன்புறத்தில் உலகறிந்த ஓவியர், பின்புறத்தில் நானூறு ஆண்டு வளையாமல் நிற்கும் பலகைக்குப் பொறுப்பேற்ற தச்சர். ஒரே பொருளில் இருவரையும் நாம் அறிய முடிவது அந்தச் சிறிய குறியால்தான்.

வணிக முத்திரைச் சட்டத்தின் வேர்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் ஷெக்டர், 1925-இல் வெளியான தம் நூலில் இரண்டு வகை முத்திரைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வணிகர் தம் சரக்கு தமக்கே உரியது என்று காட்ட விரும்பி இட்டது. மற்றொன்று, தொழிற்சங்கம் கைவினைஞரைக் கட்டாயப்படுத்தி இடவைத்தது. இந்த இரண்டாம் வகையின் தெளிவான உதாரணம் பாரிஸ் நகரத்து மரச்சாமான் தச்சர் சங்கம். 1743-இல் எழுதப்பட்டு 1751-இல் நீதிமன்றத்தில் பதிவான அதன் விதிகளின்படி, ஒவ்வொரு ஆசானும் தம் பெயர் முத்திரையைச் சாமான்களில் அடிக்க வேண்டும். அதே முத்திரையின் பதிவு சங்க அலுவலகத்து ஈயத் தகட்டிலும் இருக்க வேண்டும். சங்கத்து நடுவர்கள் ஆண்டுக்கு நான்கு முறை பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்த்தார்கள். வேலை சரியாக இருந்தால் சங்கத்தைக் குறிக்கும் ஜே.எம்.இ. என்ற எழுத்துகளைப் பக்கத்தில் அடித்தார்கள். இந்த முத்திரை பெரும்பாலும் நாற்காலிச் சட்டத்தின் உட்புறத்திலோ, பளிங்குப் பலகையைத் தூக்கினால் மட்டும் தெரியும் மேல்விளிம்பிலோதான் இருக்கும். வாங்கவந்தவர் கண்ணில் படவேண்டும் என்று அதை அடிக்கவில்லை. குறை கண்டு தேடுகிறவருக்கு அகப்பட்டால் போதும் என்பதே நோக்கம்.

இந்தப் பெயர்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாரிஸ் நகரத்து ஆசான் ஜான் பிரான்சுவா ஓபென் 1763-இல் இறந்துபோனார். அவர் பட்டறையை அவர் மனைவி நடத்தினார். இறந்தவரின் முத்திரையே தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டறையில் வேலை பார்த்த ஜான் ஆன்றி ரீஸ்னர் பின்னர் அந்த அம்மையாரை மணந்து 1768-இல் தாமே ஆசானானார். எனவே ஓபென் முத்திரை உள்ள சாமான்கள் சில, அவர் மறைந்தபின் ரீஸ்னர் கைபட்டு உருவானவை. ஓபென் 1760-இல் தொடங்கிய பதினைந்தாம் லூயியின் எழுதுமேசையை ரீஸ்னர் 1769-இல் முடித்தார். அதில் விழுந்திருப்பது அடித்த முத்திரை அன்று. மரத்துண்டுகளை இழைத்துப் பதிக்கும் வேலையிலேயே தம் பெயரையும் ஆண்டையும் இடத்தையும் ரீஸ்னர் சேர்த்துவிட்டார். இதற்கு நேரெதிர், பி.வி.ஆர்.பி. என்ற நான்கெழுத்து முத்திரை. பதினெட்டாம் நூற்றாண்டின் மிக நேர்த்தியான அலமாரிகள் பலவற்றில் இருந்த அந்த எழுத்துகளுக்கு உரியவர் பெர்னார் வான் ரீசன்பர்க் என்பது 1957-இல்தான் தெரியவந்தது. வேலை அரசர்களின் மாளிகையில் நின்றது. ஆள் சுமார் இருநூறு ஆண்டுகள் தொலைந்துபோயிருந்தார். சுருக்கெழுத்து, சங்கத்து ஈயத் தகட்டைப் பார்க்கக் கூடியவருக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. சங்கம் கலைந்ததும் அது வெறும் புதிராகிவிட்டது. தம் முதலெழுத்துகளை அழகாகப் பின்னிச் சின்னமாக்கும் இன்றைய மரவேலைக்காரர்கள் இந்த நான்கெழுத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

சங்க முத்திரையைப் பொறுப்பின் அடையாளம் என்று சொல்வது அதன் கொடுமையை மறைப்பதாகாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முத்திரை வைத்திருக்க ஆசானாக வேண்டும், ஆசானாகப் பெருந்தொகை கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஏழைத் தச்சர்கள் பலர் சங்கத்தின் பிடிக்கு அப்பாற்பட்ட பாரிஸ் புறநகர்ப் பகுதியான ஃபோபூர் சேன் அந்துவானில் முத்திரையில்லாமலே வேலை செய்தார்கள். சங்கத்துக்கு வெளியே உள்ளவரை ஒதுக்கும் வேலியாகவும் முத்திரை இருந்தது உண்மை. ஆனால் அந்த வேலி 1791-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசால் உடைந்தபின் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டாயம் நீங்கியதும் முத்திரை ஒழிந்துவிடவில்லை. 1796 முதல் 1803 வரை வேலை செய்த ஜாக்கோப் சகோதரர்கள் தாமாகவே முத்திரை அடித்தார்கள். தங்கள் பெயரோடு பட்டறை இருந்த மெஸ்லே தெருவின் பெயரையும் அதில் சேர்த்தார்கள். அதிகாரி வந்து பார்ப்பதற்காக இருந்த குறி, வாடிக்கையாளர் வந்து சேர்வதற்கான முகவரியாயிற்று. இதே காலத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வின்சர் நாற்காலி செய்தவர்கள் இருக்கையின் அடியில் தம் பெயரைச் சூட்டுக்கோலால் பதித்தார்கள். அந்த நாற்காலிகள் கப்பலேறி மற்ற மாநிலங்களுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போயின. கடல் கடந்து போகும் பொருளோடு செய்தவரின் பெயரும் போயிற்று. எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆனால் மரத்தில் உள்ள எல்லாப் பெயரும் செய்தவர் பெயரல்ல. போர்ட்ஸ்மத் என்ற நியூ ஹாம்ப்ஷயர் துறைமுக நகரில் 1802, 1806, 1813 ஆகிய ஆண்டுகளில் பெருந்தீ பரவியது. தீயில் வீட்டுச் சாமான்களை அவசரமாகத் தெருவில் எடுத்துப் போடும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டுமே என்று வீட்டுக்காரர்கள் நாற்காலியிலும் மேசையிலும் தங்கள் பெயரைச் சூடு போட்டு வைத்தார்கள். அந்தப் பெயரைத் தச்சரின் பெயரென்று எடுத்துக்கொள்வது எளிதில் நேரக்கூடிய பிழை. பாரிஸிலும், பழுதுபார்த்தவர் தம் முத்திரையை அடித்த சாமான்கள் உண்டு. எனவே வெறும் பெயர் போதாது. இவர் செய்தார், இவர் பழுதுபார்த்தார், இவர் உடையவர் என்பதை அந்தக் குறியே சொல்ல வேண்டும்.

இதைவிட ஆழமான மறுப்பு ஜப்பானிலிருந்து வருகிறது. மக்கள் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யானகி சோயெட்சு, அன்றாடப் பொருளின் அழகு பெயரற்ற கைகளிலிருந்தே பிறக்கிறது என்று வாதிட்டார். பெயர் வந்ததும் தன்முனைப்பு வரும், தன்முனைப்பு வந்ததும் வேலை கெடும் என்பது அவர் கவலை. இன்றைய சின்ன மோகத்தைப் பார்க்கும்போது அவர் அஞ்சியது வீணில்லை என்றே தோன்றுகிறது. நாற்காலியின் முதுகில் கண்ணைக் குத்தும்படி சின்னம் பதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவருடைய நண்பரும் இயக்கத்தின் தூண்களில் ஒருவருமான குயவர் ஹமாதா ஷோஜி, தம் பானைகளில் பெயர் எழுதாவிட்டாலும் அவற்றை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் கையெழுத்திட்டார். ஜப்பானியத் தச்சர்கள் கோயிலோ வீடோ கட்டும்போது கூரை முகட்டில் முனாஃபுதா என்ற பலகையை வைப்பது நீண்ட வழக்கம். கட்டுவித்தவர், தலைமைத் தச்சர், நாள் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். தரையில் நிற்பவருக்கு அது தெரியாது. நூறு ஆண்டு கழித்துக் கூரையைப் பிரித்துப் பழுதுபார்க்க வரும் அடுத்த தச்சருக்குத் தெரியும். பெயரை ஒளித்து வைப்பதும் பெயரே இல்லாமல் இருப்பதும் ஒன்றாகிவிடாது. யானகியின் கவலைக்கு இந்த முகட்டுப் பலகையே தகுந்த விடை. மேலும், பெயரில்லாத கைவினைஞரை வியப்பவர் பெரும்பாலும் பொருளைச் சேகரிப்பவராக இருக்கிறார். அந்தப் பெயரின்மையால் கூலி குறைவது செய்தவருக்கு. யானகி இந்த இரண்டாவது பக்கத்துக்குப் போதிய இடம் தரவில்லை என்பது என் கருத்து.

இந்த இழுபறி முழுவதையும் ஒரே வாழ்க்கையில் காட்டியவர் ஜார்ஜ் நாகஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் 1905-இல் பிறந்த இவருக்குத் தமிழ் மண்ணோடு நேரான தொடர்பு உண்டு. கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்டின் அலுவலகத்தில் வேலை செய்த அவர், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்க்க 1937-இல் வந்தார். இரண்டாண்டு தங்கி ஆசிரமவாசியாகவே ஆனார். சுந்தரானந்தர் என்ற பெயரும் பெற்றார். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த முகாம்களில் ஒன்றான மினிடோக்காவில், கெந்தாரோ ஹிகோகாவா என்ற மரபுத் தச்சரிடம் உளி பிடிக்கும் நுட்பங்களைக் கற்றார். பின்னர் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்து, மரத்தின் இயல்பான விளிம்பை அப்படியே விட்ட மேசைகளால் புகழ்பெற்றார். அந்தப் பட்டறையின் வழக்கம் ஒன்று கவனத்துக்குரியது. நெடுங்காலம் நாகஷிமா தம் பெயரை எழுதவில்லை. மேசையின் அடியில், அதைச் சொல்லிச் செய்வித்தவரின் பெயரைத்தான் எழுதினார்கள். எந்தப் பலகை யாருக்கு என்று பட்டறையில் குழம்பாமல் இருக்க அது உதவியது. ஆணை எழுதிய தாள்களும் வரைபடங்களும் பட்டறையில் பத்திரமாக இருந்தன. பிற்காலத்தில்தான் அவர் கையெழுத்திடத் தொடங்கினார். 1990-இல் அவர் மறைந்தபின் பட்டறையை நடத்திவரும் மகள் மீரா, தம் காலத்து வேலைகளில் தம் பெயரும் ஆண்டும் இட்டு அவற்றைத் தந்தையின் வேலைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறார். ஓபென் பட்டறையில் செய்யாமல் விட்டதை இவர் செய்கிறார். நாகஷிமாவின் மேசை என்று யாராவது கொண்டுவந்தால் சோதிக்க உதவுவது அந்தக் கையெழுத்தைக் காட்டிலும், அடியில் உள்ள வாடிக்கையாளர் பெயரும் பட்டறையில் உள்ள தாளும் ஒத்துப்போவதே.

முத்திரையை யாரும் போலியாகப் பதிக்கலாமே, பிறகு அதற்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. போலி முத்திரைக்கு வயலினைவிடப் பெரிய உதாரணம் இல்லை. கிரெமோனா நகரத்து ஸ்திராதிவாரி தம் வயலின்களுக்குள் ஒட்டிய சீட்டு பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் சொன்னது. முழுமையான முத்திரை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் மலிவாகச் செய்து குவித்த வயலின்களில் அதே சீட்டை அச்சடித்து ஒட்டினார்கள். செய்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று 1890-இல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்தபின், அந்தப் புகழ்பெற்ற பெயருக்குக் கீழே ஜெர்மனியில் செய்தது என்ற வரியும் சேர்ந்தது. அப்படிப்பட்ட வயலின் ஒன்று பரணில் கிடைத்ததும் புதையல் என்று நம்பியவர்கள் எத்தனையோ பேர். ஆகவே முத்திரை தனியாக நிற்கும்போது வலுவற்றது. பட்டறைக் குறிப்பேட்டில் அதற்கு இணையான ஒரு வரி இருந்தால் அது சான்றாகிறது. கில்டுஹால் பதிவும், பாரிஸின் ஈயத் தகடும், நியூ ஹோப்பின் ஆணைத் தாளும் செய்தது இதையே. கைவேலைக்காரர் ஒருவர் அச்சுக்குச் செலவிடும் பணத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வாங்கி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து எழுதிவைத்தால் பாதிப் போலிகளை அங்கேயே தடுத்துவிடலாம்.

அப்படியானால் மரத்தில் என்ன எழுத வேண்டும்? பெயர், ஊர், ஆண்டு, மரம். இடமிருந்தால் பசையும் பூச்சும். கடைசி இரண்டும் மிகையாகத் தோன்றலாம். ஆனால் மரச்சாமானின் வாழ்வு பழுதுபார்ப்பதில் இருக்கிறது. வஜ்ஜிரப் பசையால் ஒட்டிய மூட்டு ஈரமும் சூடும் பட்டால் இளகும். கழற்றித் திரும்ப ஒட்டலாம். இன்றைய வெள்ளைப் பசையால் ஒட்டியதை அப்படிக் கழற்ற முயன்றால் மரமே பிளக்கக்கூடும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பாலிஷ், ஸ்பிரிட் பட்டால் மீண்டும் கரையும். பாலியூரித்தேன் கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். முப்பது ஆண்டு கழித்து அந்தச் சாமானைத் திறக்கும் தச்சருக்கு இந்த இரண்டு சொற்கள் எவ்வளவு உதவும்! எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். காகிதச் சீட்டைப் பூச்சி அரிக்கும், பசை விட்டுப்போகும். மையெழுத்து மங்கும். சூடு போட்ட குறி மரத்தையே கருக்குவதால் நிலைத்து நிற்கிறது. ஆனால் பைன் போன்ற மென்மரங்களில் மிருதுவான வளையம் வேகமாகவும் கடின வளையம் மெதுவாகவும் கருகுவதால் எழுத்து சீராக விழாது. அச்சை அதிக நேரம் அழுத்தினால் எழுத்தைச் சுற்றிப் புகைக்கறை படரும். அதே மரத்தின் துண்டு ஒன்றில் முதலில் போட்டுப் பார்ப்பதே நல்லது. இடம், இழுப்பறையின் அடியோ இருக்கையின் கீழ்ப்புறமோ. மரத்தின் அழகு கெடுகிறது என்று முத்திரையை வெறுப்பவர்களுக்கு இதுவே போதுமான சமாதானம்.

நம் பக்கம் திரும்பினால், பொருளில் பெயர் பொறிக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் வாங்கினால் பெயர் வெட்டித் தருகிறார்கள். வாங்கியவர் பெயர், சீர் என்றால் கொடுத்தவர் பெயரும் தேதியும். கோயிலில் குழல்விளக்கின் மேல்கூட உபயம் யார் என்று எழுதியிருக்கிறது. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் உள்ள தமிழி எழுத்துப் பெயர்களைப் பெரும்பாலும் உடையவர் பெயர்களாகவே படிக்கிறார்கள். உடையவருக்கும் கொடுத்தவருக்கும் நம் பண்பாட்டில் பெயர் இருக்கிறது, செய்தவருக்குத்தான் அரிதாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயர் வருகிறது. அது அரசன் வெட்டுவித்த கல்வெட்டு, அவர் தாமே இட்ட முத்திரை அன்று. ஆனாலும் அந்த ஒரு பெயரை நாம் ஆயிரம் ஆண்டு கழித்தும் கொண்டாடுகிறோம் என்பது, மற்றப் பெயர்கள் இல்லாதது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைக் காட்டும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுகளைப் பார்த்து வியப்பவர்களால் அந்த வீட்டுச் செட்டியாரின் பெயரைச் சொல்ல முடியும். நிலைவாசலைச் செதுக்கியவரின் பெயரைச் சொல்ல முடிவது அபூர்வம். வீட்டுக் கணக்கில் அவர் 'ஆசாரி கூலி' என்ற இரண்டு சொல்லோடு முடிந்துபோகிறார். குலத்தின் பெயர் ஆளின் பெயரை விழுங்கிவிட்ட கதை இது. வேலையைக் குலக்கடமை என்று கருதிவிட்டால், செய்தவரைத் தனியே கேட்கவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம் என்றாகிவிடுகிறது.

புவிசார் குறியீடு இந்தக் குறையைப் போக்கிவிட்டதாகச் சிலர் கருதுகிறார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இலும், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இலும், நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இலும் அது கிடைத்தது. நல்லதே. ஆனால் அது ஊரின் பெயரைக் காக்கிறது. ஆளின் பெயரைச் சொல்லும் வேலை அதனுடையதல்ல. நாகஸ்வர உலகில் ரங்கநாதன் ஆசாரி என்ற பெயர் இன்றும் நினைவிருப்பது, நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் என்ற புதிய வகை நாகஸ்வரத்தை அவர் செய்துகொடுத்ததைக் கலைஞர்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்ததால். நினைவு அவரைக் காப்பாற்றியது; எல்லாருக்கும் அப்படி ஒரு ராஜரத்தினம் கிடைப்பதில்லை. ஒரு பொருளில் பலர் கை படுகிறதே, மரம் அறுத்தவர், செதுக்கியவர், பாலிஷ் போட்டவர் என்று எத்தனை பெயரை எழுதுவது என்று பட்டறை உரிமையாளர்கள் தயங்கலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சுத்தியலுக்கும் கவராயத்துக்கும் தனித்தனிக் குறி வைத்த பிரஸ்ஸல்ஸ்காரர்கள் அதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். மூன்று பெயர் எழுத ஓர் இழுப்பறையின் அடிப்பலகையே தாராளம்.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கட்டிலோ கதவோ ஊஞ்சல் பலகையோ செய்யச் சொல்லும்போது, அடியில் உங்கள் பெயரும் ஊரும் ஆண்டும் மரமும் எழுதித் தாருங்கள் என்று ஆசாரியிடம் கேளுங்கள். அதற்காகும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். அச்சும் சூட்டுக்கோலும் இல்லாவிட்டால் உளி போதும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பழைய அலமாரியைச் செய்தவர் யார் என்று உங்கள் தாத்தாவுக்கோ அத்தைக்கோ தெரிந்திருந்தால், இன்றே கேட்டு அதன் உட்பலகையில் எழுதிவையுங்கள்.